பாலம் சியாப்

சைரன் ஊளையிட்டதும் காஜா பேராங் ஊரில் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் பூங்காவனமும் செய்தாள். கையில் இருந்த மரவள்ளிக் கிழங்கைக்கூடக் கீழே போடாமல் ஓடிப்போய்ச் சாலையோரக் கால்வாய்க்குள் படுத்தாள். பக்கத்து வீட்டு ரோஷன் பீவி முன்னாலேயே அங்கே இடம் பிடித்திருந்தாள்.

"கெழங்க என் மூஞ்சிலேருந்து எடு புள்ள," என்றாள் பீவி.

விமானம் வரவில்லை. குண்டும் விழவில்லை. தூறலில் நனைந்தபடி ஒரு கறுப்பு மோட்டார் கார் வந்து நின்றது. அதன் கூரைமேல் அந்தச் சைரன் உட்கார்ந்திருந்தது.

அது மறுநிர்மாண இலாகாவின் கார். சண்டையில் இடிந்துபோன பாலம், குழாய், சாலை எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித் தருவதற்காக ஜப்பான்காரர்கள் ஏற்படுத்திய இலாகா. ஏற்பட்டவுடன் அது முதன்முதலாகப் பழுது பார்த்தது ஊரின் அபாயச் சங்கைத்தான். பழுது பார்த்ததை எங்கே வைப்பது என்று ஆலோசித்து, தன் காரிலேயே வைத்துக்கொண்டது. ஜனங்களுக்கு எச்சரிக்கை தேவைப்படுவது பெரும்பாலும் அந்தக் கார் வருகிற சமயத்தில்தான் என்பதால் இதில் குறை சொல்ல முடியாது.

காரின் பின் ஜன்னல் இரண்டு விரற்கடை இறங்கியது. உள்ளே இலாகாவின் தலைவர் இஷிமுரா இருந்தார். அவர் மழையில் இறங்குகிறவர் அல்ல. ஜன்னல் இடுக்கில் தெரிந்த ஆளைப் பார்த்து, தமக்குத் தெரிந்த மலாயில் ஒரு கேள்வி கேட்டார்.

"ஜம்பாத்தான், சியாப்?"

ஜம்பாத்தான் என்றால் பாலம். கேள்வி பாலத்தைப் பற்றியது. ஜன்னல் இடுக்கில் தெரிந்த ஆள் பூங்காவனத்தின் புருஷன் கலியாணசுந்தரம். அவன் பாலத்து வேலைக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி.

பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த 'சியாப்' என்கிற சின்ன வார்த்தை. மலாயில் அதற்கு இரண்டு பொருள். வேலைக்கு ஆள் தயார் என்றாலும் சியாப்தான். வேலை முடிந்துவிட்டது என்றாலும் சியாப்தான். சோறு வடிக்கப் போகிறவளும் சியாப் என்பாள், வடித்து இறக்கியவளும் சியாப் என்பாள். ஊரில் பசி குறைவாக இருந்த காலத்தில் இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

வெள்ளைக்காரன் ஓடும்போது வைத்த வெடியில் காஜா பேராங்கின் பின்புறத்து ஆற்றுப் பாலம் அப்படியே தண்ணீரில் விழுந்து போயிற்று. இக்கரையில் ஒரு கல் தூணும் அக்கரையில் ஒரு கல் தூணும் மட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி மிஞ்சின. அதைத் திரும்பக் கட்டுவதற்கு ஆள் எடுத்து, கலியாணசுந்தரத்தை மண்டோராகவும் போட்டு, மரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மரம் கேட்டபோது கொடி வந்தது. மறுபடி கேட்டபோது கொடி நடுவதற்கு ஒரு கம்பம் வந்தது. அது மரம்தான், ஆனால் அதைத் தொடக்கூடாது. மூன்றாம் தடவை கேட்டபோது, மரம் வரும்வரை கை கால் துருப்பிடிக்காமல் இருக்கக் காலையில் உடற்பயிற்சி செய்யும்படி உத்தரவு வந்தது. அதையும் செய்தார்கள்.

ஆகவே 'சியாப்?' என்ற கேள்வி காதில் விழுந்ததும், கடைசியில் மரம் வந்துவிட்டது என்று கலியாணசுந்தரம் நினைத்தான். ஆட்கள் தயாரா என்று கேட்கிறார், பாவம். துரைக்கு மலாயில் துவான். இடுப்பு வளையக் குனிந்தான்.

"சியாப், துவான்."

ஜன்னல் மூடிக்கொண்டது. சைரன் மறுபடி ஊளையிட்டது. கார் போய்விட்டது. ஆறு இருந்த பக்கம் இஷிமுராவின் தலை திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் லாலான் புல்தான் தெரிந்திருக்கும்.

"மரம் வருதாம்," என்றான் கலியாணசுந்தரம், கால்வாயிலிருந்து ஏறிய மனைவியிடம்.

வந்தது மரம்தான். நன்றாக இழைத்து, வர்ணம் பூசி, எழுத்தும் எழுதியிருந்தது. ஜப்பானிய எழுத்தும் மலாயும் மேலே. கீழே தமிழில், 'இப்பாலம் கட்டி முடிக்கப்பட்டது'. அதை ஆற்றோரத்தில் நட்டுவிட்டுப் போனார்கள்.

கலியாணசுந்தரம் பலகையைப் பார்த்தான், பிறகு ஆற்றைப் பார்த்தான். ஆட்களும் அந்த வரிசையிலேயே பார்த்தார்கள்.

"அண்ணே," என்றான் ஒருத்தன். "நம்ம கட்டிட்டோமா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றான் மண்டோர்.

கேட்பதற்குள் காவலாள் வந்துவிட்டான். பாலம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காவல் வேண்டும். இக்கரைத் தூணருகே துப்பாக்கியோடு நின்றான். பாலத்தில் ஏறுகிறவர்கள் அவனுக்குக் குனிந்து வணக்கம் செய்ய வேண்டும். ஏற முடியாதவர்களும் ஏறாததற்காகக் குனிய வேண்டும் என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்தான்.

அடுத்தபடியாகச் சம்பான்கள். பாலம் விழுந்த நாளிலிருந்து ஜனங்கள் அந்தச் சின்னப் படகுகளில்தான் ஆற்றைக் கடந்தார்கள். பாலம் கட்டி முடித்த பிறகும் படகில் போவது பாலத்தை அவமதிப்பதாகும் என்று இலாகா அறிவித்தது. எல்லாச் சம்பான்களையும் கரையில் கவிழ்த்துப் போட்டுக் கொளுத்தினார்கள். சிட்டி கம்பத்துக்காரர் ஒருவரின் படகு அதில் கடைசியாக எரிந்தது. அந்தக் கம்பத்தார், அதாவது கிராமத்தார், பேரில்தான் தமிழர், பேச்சு முழுக்க மலாய். எரிகிற படகைப் பார்த்து அவர், "ஹாபிஸ்," என்று மட்டும் சொன்னார். தீர்ந்தது என்று அர்த்தம். அதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

நகரத்துப் பெரிய பாலம் ஒன்று இருந்தது. பாஸ் உள்ளவர்களைத்தான் அதில் விடுவார்கள். காஜா பேராங்காருக்கு இப்போது சொந்தமாகவே பாலம் இருப்பதால் அவர்களுடைய பாஸ்களை ரத்துச் செய்துவிட்டார்கள். புது பாஸ் வேண்டுமென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்டார் ஹிலிரில் இருக்கும் இலாகா ஆபீசுக்கு நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஒரு சாயங்காலம் கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தான்.

"என்னங்க?"

"எங்கள சயாமுக்கு அனுப்புறாங்களாம். இங்க வேல முடிஞ்சிருச்சுல்ல."

பூங்காவனம் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டில் ரோஷன் பீவி பிள்ளையை அதட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பீவியின் புருஷன் அப்துல் ஹமீது மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிச் சயாமில் ரயில் பாதை போடப் போனவன். அவன் போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. அவனோடு போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் காட்டில் ஒளிந்திருப்பதாகவும், அவனுக்குப் பேச்சு வரவில்லை என்றும் சொன்னார்கள்.

"நான் சியாப்னு சொன்னது, ஆளு சியாப்னு," என்றான் கலியாணசுந்தரம்.

"அதத்தான் அவங்களும் இப்பச் சொல்றாங்க," என்றாள் பூங்காவனம். "ஆளு சியாப்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுப்பை விட்டு எழுந்து வந்து அவள் கேட்டாள்: "ஓடிரலாமா?"

"நான் ஓடினா மிச்சவங்க பொண்டாட்டி புள்ளைங்கள விடுவானா? மண்டோர் ஓடிட்டான்னு அவங்களத்தான் ஒதைப்பான்."

"அப்ப நான் போய்ச் சொல்றேன்."

"என்னான்னு?"

"பாலம் இல்லன்னு. கண்ணு இருக்குல்ல அவங்களுக்கு."

மறுநாள் நீர் வற்றிய நேரம் பார்த்து ஆற்றங்கரைக்குப் போனாள். காவலாள் கையைக் காட்டினான். குனிந்து வணங்கிவிட்டு, பாலத்தில் ஏறுவதற்குப் பதிலாகச் சேற்றில் இறங்கினாள். சேறு முழங்கால்வரை உள்வாங்கியது. நடு ஆற்றில் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அப்போது பின்னாலிருந்து காவலாள் கத்தினான். பாலத்தின் நடுவில் ஒரு வணக்கம் உண்டாம், அது புதிதாக வந்த விதி. பூங்காவனம் நின்றாள். குனிந்தாள். தலை தண்ணீருக்குள் போயிற்று. மரியாதைக் குறைவு என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று கொஞ்சம் அதிகமாகவே உள்ளே இருந்துவிட்டு நிமிர்ந்தாள். காவலாள் திருப்தியோடு தலையசைத்தான்.

இலாகா ஆபீசின் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. முடிந்த வேலைகளைப் பற்றி மட்டுமே இங்கே புகார் கொடுக்கலாம். முடிந்த வேலைகளில் புகாருக்கு இடமில்லை. அதன் கீழே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். குழாயைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு கிழவர் வரிசையிலேயே தூங்கிவிட்டிருந்தார்.

மொழிபெயர்ப்பாளன் கருணாகரன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். சண்டைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன். ஜப்பானிய மொழியைச் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டான். அதைவிடச் சீக்கிரமாக எதை மொழிபெயர்க்கக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டான்.

"என்னக்கா இப்படி நனஞ்சு வந்திருக்கீங்க?"

"ஆத்துல எறங்கி வந்தேன் தம்பி. பாலந்தான் இல்லையே."

கருணாகரன் கதவைத் திரும்பிப் பார்த்தான். "மெல்லப் பேசுங்க. அவரு மேலிடத்துக்குத் தந்தி குடுத்துட்டாரு. மேலிடத்துலேருந்து பாராட்டி பதிலும் வந்துருச்சு. அதக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காரு."

"அதுக்கு என் புருஷன் சாகணுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

இஷிமுரா பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அட்டையில் செய்த ஒரு பொம்மைப் பாலம். வளைவும் கைப்பிடியும் விளக்குக் கம்பங்களுமாக மிக அழகாக இருந்தது. பூங்காவனத்துக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. அவள் சேலையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. இஷிமுரா அதைக் கவனித்து ஏதோ கேட்டார்.

"ஏன் நனஞ்சிருக்கீங்கன்னு கேக்குறாரு," என்றான் கருணாகரன்.

"பாலம் இல்லாததாலன்னு சொல்லுங்க."

கருணாகரன் நீளமாகப் பேசினான். இஷிமுராவின் முகம் கவலையானது. தலையை ஆட்டிக் குமாஸ்தாவிடம் ஏதோ குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"என்ன தம்பி சொன்னீங்க?"

"பாலத்துக்குக் கூரை இல்லாததால மழையில நனஞ்சிட்டீங்கன்னு சொன்னேன்."

"ஏன் தம்பி?"

"பாலம் இல்லன்னா உங்க வீட்டுக்காரரு பொய் சொன்னவருன்னு ஆயிரும். பொய் சொன்னவங்களுக்குச் சயாம் கிடையாதுக்கா. அவங்க போற எடம் வேற. அங்கேருந்து லோரி வெறுமையாத்தான் வெளிய வரும்."

பூங்காவனம் கைகளைக் கூப்பினாள். "அப்ப வேற மாதிரி கேளுங்க. அவரு ஒரு மண்டோரு. ஊருக்குப் பத்து வேல இருக்கு. குழாய் இருக்கு, சாலை இருக்கு. அவர இங்கயே வச்சுக்கச் சொல்லுங்க."

இதை அவன் மொழிபெயர்த்தான். இஷிமுரா எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். பேச்சு நெஞ்சிலிருந்து வந்தது என்பது அவர் கையை அங்கே வைத்திருந்ததில் தெரிந்தது. கருணாகரன் வரி வரியாகச் சொன்னான்.

"உங்க கணவர் சாதாரண ஆளு இல்லையாம். வெள்ளைக்காரன் பாலம் கட்டுனா கப்பல் கப்பலா இரும்பு கேப்பானாம். உங்க கணவர் ஒரு பலகைகூட வாங்காம கட்டியிருக்காராம். ஆணிகூடக் கேக்கலையாம். இந்த மாதிரி ஒரு திறமையை இவரு வாழ்க்கையில பாத்ததில்லையாம்."

"ஐயோ, தம்பி."

"இருங்க, இன்னும் இருக்கு. சயாம்ல ஆறு நெறைய இருக்காம். பலகைதான் இல்லையாம். அதனால இவரத்தான் அங்க கட்டாயம் அனுப்பணுமாம்."

இஷிமுரா உட்கார்ந்தார். தாம் பேசியது அவருக்கே பிடித்திருந்தது.

பூங்காவனம் கூப்பிய கையை இறக்கினாள். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த அட்டைப் பாலம் கண்ணில் பட்டது. ஒரு யோசனை வந்தது.

"தம்பி, அந்தப் பாலம் இடிஞ்சு போச்சுன்னு சொல்லுங்களேன். நேத்து ராத்திரி இடிஞ்சிருச்சு. அப்ப மறுபடி கட்டணும்ல. கட்ட ஆளு வேணும்ல."

கருணாகரன் அவளை மரியாதையோடு பார்த்தான். இலாகாவில் ஒருவருக்கும் வராத யோசனை. ஜாக்கிரதையாக மொழிபெயர்த்தான். இஷிமுரா மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இடிச்சவன் யாருன்னு கேக்குறாரு," என்றான் கருணாகரன். "பேரு வேணுமாம். பாலத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்க எல்லாரையும் விசாரிக்கணுமாம்."

ரோஷன் பீவியும் பல் முளைத்த பிள்ளையும் பூங்காவனத்தின் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"இடியலன்னு சொல்லுங்க," என்றாள் அவசரமாக. "நல்லா இருக்கு. கெட்டியா இருக்கு. இப்பக்கூட அது மேலதான் வந்தேன்."

இஷிமுராவின் முகம் மலர்ந்தது. உபயோகிப்பவர்களின் வாயிலிருந்தே இப்படி ஒரு சொல் கேட்பது இலாகாவுக்கு அபூர்வம். குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார். திறப்பு விழாவில் பாலம் கட்டியவர்களுக்குப் பெரிய கௌரவம் காத்திருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தார்கள்.

அந்தக் கௌரவம் என்னவென்று விழாவன்றுதான் தெரிந்தது. பாலத்தைக் கடக்கும் முதல் வண்டி, பாலம் கட்டிய கும்பலைச் சயாமுக்கு ஏற்றிச் செல்லும் லோரியாக இருக்கும்.

கரையில் கொட்டகை போட்டிருந்தார்கள். அறிவிப்புப் பலகைக்கு மாலை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிப்பன். ரிப்பனுக்கு அப்பால் ஆறு. நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் விழாவுக்கு மணி குறித்திருந்தார்கள்; ஆனால் கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றியதை ஆற்றுக்கு யாரும் அறிவிக்கவில்லை. கடல் நீர் ஏறி, வெள்ளம் ரிப்பனுக்குக் கீழே தளும்பிக்கொண்டிருந்தது.

ஊர் ஜனங்களை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். கையில் காகிதக் கொடி. லோரியின் பின்புறத்தில் ஆட்கள் நின்றார்கள். கலியாணசுந்தரத்தின் கழுத்திலும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். பூங்காவனம் லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"துணி மூட்டையில கருவாடு வச்சிருக்கேன்," என்றாள்.

"சரி."

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்க."

"சரி." அவன் வேறு எங்கோ பார்த்தான். "பீவி அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்க. அவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு."

காவலாள் வந்து அவள் கையை எடுத்துவிட்டான்.

லோரியை ஓட்டுபவர் அலி அக்பர், காஜா பேராங்காரர்தான். மீசையும் வயிறும் உள்ள மனிதர். அவரைத் தனியாக அழைத்துப் போய்க் கருணாகரன் ரகசியமாக உத்தரவு சொன்னான். எல்லாரும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்து நீண்ட வணக்கம் செய்வார்கள். அப்போது தலை எல்லாம் தரையைப் பார்த்திருக்கும். அந்த நேரத்துக்குள் லோரி சத்தமில்லாமல் புறப்பட்டு, நகரத்துப் பெரிய பாலம் வழியாக அக்கரைக்குப் போய்விட வேண்டும். நிமிரும்போது லோரி இருக்காது. லோரி இல்லையென்றால் அது பாலத்தைக் கடந்துவிட்டது.

ரிப்பன் வெட்டப்பட்டது. வணக்கத்துக்குக் கட்டளை வந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

பூங்காவனமும் குனிந்தாள். தரையில் ஓர் எறும்பு அரிசித் துணுக்கு ஒன்றை இழுத்துப் போவதைப் பார்த்தாள். பின்னால் லோரி உறுமுவது கேட்டது, சக்கரங்கள் சரளையை நசுக்கிக்கொண்டு நகர்வது கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. யாரும் நிமிரச் சொல்லவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. எறும்பு அரிசியை எங்கேயோ கொண்டு சேர்த்துவிட்டது. கடைசியில் கட்டளை வந்து நிமிர்ந்தபோது லோரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

ஜனங்கள் கை தட்டினார்கள். கை தட்டாதவர்களைக் காவலாள் பார்த்தான், அவர்களும் தட்டினார்கள். பூங்காவனம் தட்டினாளா என்பது அவளுக்கே தெரியாது. ரோஷன் பீவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாத புள்ள. இங்க அழுவாத. வீட்ல போய் அழுவலாம். நான் சொல்லித் தரேன்."

இஷிமுரா பேசினார். கருணாகரன் தமிழில் சொன்னான்.

"பழைய பாலத்தைக் கட்ட வெள்ளைக்காரனுக்கு வருஷக் கணக்கில் ஆனது. நமக்கு ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. பழைய பாலம் வெடி வைத்ததும் விழுந்தது. புதுப் பாலத்துக்கு எவனாலும் வெடி வைக்க முடியாது. எதிரி விமானங்கள் இதன்மேல் எத்தனை தரம் பறந்தும் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பொதுமக்கள் கேட்டுக்கொண்டபடி பாலத்துக்கு இப்போது கூரையும் போடப்பட்டுவிட்டது. அடுத்து இதே முறையில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டப்படும். இதோ, இந்த நிமிஷம் இதைக் கட்டிய வீரர்கள் பாலத்தைக் கடந்து அக்கரையில் நின்று நம்மைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

ஜனங்கள் அக்கரையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த மாட்டைப் பார்த்துக் கொடி ஆட்டினார்கள்.

அப்போது பின்னால் ஹார்ன் அடித்தது.

லோரி வந்துகொண்டிருந்தது. போன வழியாகவே வந்து, எண்ணெய்க் கறையின்மேல் மிகச் சரியாக நின்றது. பின்புறத்தில் கலியாணசுந்தரம் மாலையோடு நின்றிருந்தான். பூங்காவனத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பீவி அவள் வாயைப் பொத்தினாள்.

அலி அக்பர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, வயிறு இடம் கொடுத்த அளவுக்குக் குனிந்தார்.

"பெரிய பாலத்துல விடலங்க தம்பி," என்று கருணாகரனிடம் சொன்னார். "அங்க இருக்கிறவன் பட்டாளத்துக்காரன். காஜா பேராங் வண்டியெல்லாம் காஜா பேராங் பாலத்துலதான் போகணுமாம். இலாகாவே எழுதிக் குடுத்திருக்காம்."

"அண்ணே, கொஞ்சம் மெதுவா," என்றான் கருணாகரன்.

"மெதுவாத்தான் வந்தேன். பிரேக் சரியில்ல."

"அது இல்லண்ணே. குரல."

"நான் என்ன திருட்டுத்தனமா பேசறேன். புதுப் பாலத்துல போகச் சொன்னா போறேன். எந்தப் பக்கம் ஏறணும்னு மட்டும் துவானை முன்னால நடந்து காட்டச் சொல்லு. நான் பின்னாலயே ஓட்டிக்கிட்டு வரேன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இருமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றி, கொடிகள் குலுங்கின. காவலாள் துப்பாக்கியை நகர்த்தி வைத்ததும் எல்லாருக்கும் இருமல் குணமாயிற்று.

கருணாகரன் மொழிபெயர்த்தான். எவ்வளவு குறைத்தானோ, எவ்வளவு கூட்டினானோ, இஷிமுராவின் கழுத்து சிவந்தது. அவர் ஆற்றைப் பார்த்தார். அந்த இலாகா ஏற்பட்ட நாளிலிருந்து அவர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய பாலத்துப் பட்டாளத்தானிடம் சொல்லி லோரியை விடச் சொல்லலாம். ஏன் என்று அவன் கேட்பான். சம்பானில் ஏற்றி அனுப்பலாம். சம்பான்களின் கரி இன்னும் கரையில் கிடந்தது. போகவில்லை என்று விட்டுவிடலாம். பண்டார் ஹிலிர் திடலில் எல்லா இலாகாக்களும் சயாமுக்கு அனுப்பும் ஆட்களை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள், இவருடைய பங்கு குறைந்தால் இவருடைய தலையையும் சேர்த்து எண்ணுவார்கள்.

பூங்காவனம் பீவியின் கையை விலக்கிவிட்டு லோரியை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் குனிந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்ததற்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை. பாலம் இல்லை என்று ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் புருஷன் பொய்யன். இருக்கிறது என்று சொன்னால் லோரி போயாக வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இப்படியே நிற்கட்டும். சண்டை தீர்கிறவரை லோரி இந்தக் கறையின்மேலேயே நிற்கட்டும். மூன்று வேளையும் கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம்.

ஆறு ரிப்பனின் அறுந்த நுனியைத் தொட்டு இழுத்துக்கொண்டு போயிற்று.

இஷிமுரா பெருமூச்சு விட்டார். கருணாகரனை அருகே அழைத்து, காதோடு காதாக ஏதோ சொன்னார். கருணாகரன் அவர் முகத்தைப் பார்த்தான். இன்னொரு தரம் கேட்டான். அதே பதில் வந்தது. அவன் லோரியின் பக்கம் திரும்பினான். அந்த இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தான்.

"நீந்தத் தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க."